பழைய காருக்கு எந்த பம்ப்?

என்னிடம் 1985-ஆம் வருடத்து பிரீமியர் பத்மினி ஒன்று இருக்கிறது. அதன் பெட்ரோல் பம்ப் தேய்ந்துவிட்டது. "எலக்ட்ரிக் பம்ப் போட்டுடுங்கப்பா, தொல்லை விட்டது" என்கிறான் மகன். மெக்கானிக்கோ, "பழைய ஏ.சி. பம்பே போதும் சார்" என்கிறார். பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கும் உதவுமே என்று இரண்டு பக்க நியாயத்தையும் எழுதுகிறேன்.

ஏ.சி. பம்ப் என்பது என்ஜினோடு ஒட்டியிருக்கும் மெக்கானிக்கல் பம்ப். என்ஜினுக்குள் சுற்றும் கேம் ஷாஃப்ட் ஒரு நெம்புகோலைத் தள்ளும். அது ஒரு ரப்பர் ஜவ்வை இழுக்க, பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படும். பிரெஞ்சில் படித்த எனக்கு அந்த ஜவ்வு 'மம்பிரான்', மெக்கானிக்குக்கு 'டயஃப்ரம்'. அதைத் திரும்பத் தள்ளுவது ஒரு ஸ்பிரிங். கார்புரேட்டர் நிரம்பிவிட்டால் ஸ்பிரிங் பேசாமல் காத்திருக்கும். ஒயர் இல்லை, பியூஸ் இல்லை.

குறையும் உண்டு. என்ஜின் சூட்டில் உட்கார்ந்து உறிஞ்சுவதால், கோடையில் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியை இந்த பம்பால் இழுக்க முடியாது, வண்டி நின்றுவிடும். ஈரத்துணி சுற்றிக் காத்திருந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. ஜவ்வு கிழிந்தால் பெட்ரோல் என்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் குச்சியை முகர்ந்தாலே தெரிந்துவிடும்.

எலக்ட்ரிக் பம்பை டேங்க் அருகிலேயே வைப்பார்கள். அது பெட்ரோலை உறிஞ்சாமல் தள்ளுவதால் ஆவித் தொல்லை குறைவு. ஒரு மாதம் நின்ற வண்டியிலும், சாவியைத் திருப்பியதும் கார்புரேட்டர் நிரம்பிவிடும். செல்ஃப் அடித்து பேட்டரியைக் கொல்ல வேண்டாம். ஆனால் கார்புரேட்டர் வண்டிக்கு 3 பி.எஸ்.ஐ. அளவு அழுத்தமே போதும். இன்ஜெக்‌ஷன் காரின் பம்ப் 40-க்கு மேல் தள்ளும். அதை மாட்டினால் பெட்ரோல் பொங்கி வழியும்.

என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. வண்டி எதிலாவது மோதி பெட்ரோல் குழாய் அறுந்தால் என்ன ஆகும்? என்ஜின் நின்றதும் மெக்கானிக்கல் பம்ப் தானாக நின்றுவிடும். எலக்ட்ரிக் பம்போ, சாவி போட்டிருக்கும்வரை சூடான என்ஜின் மேல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். மோதினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று உண்டு. அல்லது ஆயில் அழுத்தம் இறங்கினால் பம்பை நிறுத்தும்படியும் ஒயரிங் செய்யலாம். இவற்றில் ஒன்று இல்லாமல் எலக்ட்ரிக் பம்ப் கூடவே கூடாது. நானும் என் மனைவியும் எழுபதைத் தாண்டியவர்கள். அந்தப் பதற்றத்தில் சாவியை அணைக்க யாருக்கு நினைவு வரும்?

அதனால் மெக்கானிக்கல் பம்பையே வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தேன். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பரை அது கெடுக்கும். ஆகவே எத்தனால் தாங்கும் ஜவ்வும் குழாய்களும் கேட்டு வாங்கிப் போட்டாயிற்று. நீண்ட நாள் நின்ற வண்டி என்றால், பம்பின் கைநெம்பை நாலைந்து முறை அழுத்திவிட்டு செல்ஃப் அடிக்கிறேன். அதற்கு பானட்டைத் திறக்க வேண்டும்தான். பென்ஷன்காரனுக்கு என்ன அவசரம்?