கேட்காமல் விட்ட கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன், புனித சின்னப்பர் போதித்த ஊர்களைக் காணக் கிரேக்க நாட்டிற்குச் சென்ற திருயாத்திரைக் குழுவில் நாமும் நம் துணைவியாரும் இருந்தோம். பிலிப்பி நகரில் குறி சொல்லித் தன் எசமானர்களுக்கு வருவாய் தேடித் தந்த ஓர் அடிமைப் பெண்ணைப் பற்றி 'அப்போஸ்தலர் பணி' 16ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம் அல்லவா? அவளைப் பிடித்திருந்த ஆவியைக் கிரேக்க மூலம் 'பைத்தான்' என்னும் சொல்லால் குறிக்கிறது. அச்சொல்லின் கதை பிறந்த இடம் டெல்பி. ஆகவே ஒரு நாள் அங்கும் சென்றோம்.

பார்னாசஸ் மலைச் சரிவில், ஒலிவ மரங்கள் நிறைந்த பள்ளத்தாக்கை நோக்கி அமைந்துள்ளது டெல்பி. ஸீயஸ் தெய்வம் உலகின் இரு கோடிகளிலிருந்து பறக்கவிட்ட இரு கழுகுகள் இங்கே சந்தித்தனவாம். ஆகவே இதுவே உலகின் கொப்பூழ் என்றனர் கிரேக்கர். முதலில் இவ்விடம் பூமித்தாயான கையாவுக்கு உரியது. அதைக் காத்துவந்த பைத்தான் என்னும் பெரும் பாம்பை அப்பல்லோ அம்பெய்து கொன்று, தலத்தைத் தனதாக்கிக் கொண்டான் என்பது கதை. அவன் பெயரால் குறி உரைத்த பெண்ணைப் பித்தியா என்று அழைத்தனர். முக்காலி மீதமர்ந்து அவள் கூறும் வாக்கிற்காக அரசரும் எளியோரும் காத்து நின்றனர். நிலத்திலிருந்து எழுந்த ஆவி அவளை ஆட்கொண்டது என்று முன்னோர் எழுதினர். 2001இல் நிலவியல் அறிஞர் சிலர் அங்கே நிலப்பிளவுகளையும், ஊற்றுநீரில் எத்திலீன் வாயுவின் சுவட்டையும் கண்டதாக அறிவித்தனர். அதை ஏற்காதாரும் உளர்.

இடிபாடுகளின் நடுவே நின்று வழிகாட்டி குரோசஸ் மன்னனின் கதையைச் சொன்னார். ஹெரடோட்டஸ் எழுதி வைத்த கதை அது. லிடியா நாட்டரசனான குரோசஸ் பெருஞ்செல்வன். பாரசீகர் மீது படையெடுக்க எண்ணிய அவன், முதலில் குறித்தலங்களையே சோதித்தான். தூதர் புறப்பட்ட 100ஆம் நாளில் தான் என்ன செய்கிறான் என்று கேட்கச் செய்தான். அன்று அவன் ஆமையையும் ஆட்டுக்குட்டியையும் வெண்கலக் கொப்பரையில் வேகவைத்துக் கொண்டிருந்ததை டெல்பி சரியாகச் சொல்லிற்றாம். உடனே பொன்னும் வெள்ளியும் வாரி வழங்கிப் போரைப் பற்றிக் கேட்டான். போர் தொடுத்தால் ஒரு பேரரசு அழியும் என்று விடை வந்தது. மகிழ்ந்து புறப்பட்டான். கி.மு. 546 அளவில் அழிந்தது அவனது அரசேதான்! பின்னர் குறை கூறி ஆளனுப்பியபோது, எவருடைய பேரரசு என்று அவன் மீண்டும் கேட்டிருக்க வேண்டும் என்றே பதில் கிடைத்தது.

கதை முடிந்ததும் நம் துணைவியார் நம்மைத் திரும்பிப் பார்த்தார். நாம் தலை குனிந்தோம்.

மகளின் திருமணத்திற்கென்று சேர்த்த பணத்தை முன்னொரு காலத்தில் ஒரு வியாபாரத்தில் போட எண்ணினோம். வேண்டாம் என்றவர்களை விட்டு விலகினோம். "இதில் இறங்கினால் உங்கள் நிலையே மாறிவிடும்" என்றார் ஒரு நண்பர். அதுவே நாம் கேட்க விரும்பிய வாக்கு. "எப்படி மாறும் என்று கேட்டீர்களா?" என்றார் துணைவியார். அவர்மீது எரிந்து விழுந்தோம். இரண்டே ஆண்டுகளில் நிலை மாறத்தான் செய்தது. அவரது கழுத்து நகையை விற்றே மகளின் திருமணம் நடந்தது. அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொன்னதில்லை, நாமும் சொன்னதில்லை.

'உன்னையே நீ அறிவாய்' என்னும் பொருளுள்ள வாசகம் டெல்பிக் கோயிலின் முகப்பில் பொறிக்கப்பட்டிருந்ததாம். அதைக் கடந்து சென்றுதான் எல்லோரும் குறி கேட்டனர். தம் ஆசையைத் தாமே அறியாதவருக்கு எந்த வாக்கும் ஆசையின் குரலாகவே ஒலிக்கும் போலும். கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் அத்தலம் ஓய்ந்தது. எடுத்து நிறுத்திய சில தூண்களே இன்று நிற்கின்றன.

பேருந்தில் திரும்புகையில், "அன்று நீ கேட்டதே சரியான கேள்வி" என்றோம். அவர் சன்னல் வழியே ஒலிவ மரங்களைப் பார்த்திருந்தார். சற்றுப் பொறுத்து, "இதைச் சொல்ல இவ்வளவு தூரம் வரவேண்டியிருந்ததா?" என்றார்.

அன்று முதல் நம் வீட்டில் எந்தப் பெரிய முடிவுக்கும் முன், நாம் கேட்க மறந்தது என்னவென்று அவரிடம் கேட்கிறோம்.