கைப்பழக்கம்

ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களை இணுவில்வாசிகளாகிய நாம் இன்னும் மதிப்பதற்குக் காரணம் உண்டு. 1990இல் வந்த பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அரிதாயிற்று. நாம் அவற்றை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எனவே காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அமுக்கம் குறைந்த அப்பழைய எஞ்சின்கள் அதனைத் தாங்கின. ஆயினும் பிளக்கில் கரி படியும். எஞ்சின் ஒயிலும் நீர்த்துப்போகும். ஆதலால் பிளக்கைக் கழற்றித் துலக்கவும், ஒயிலை அடிக்கடி மாற்றவும் நாமே கற்றுக்கொண்டோம். நள்ளிரவிலும் நோயாளரை ஆசுபத்திரியிற் சேர்த்தது அந்தக் கைப்பழக்கமே. இன்று பெற்றோல் கிடைக்கின்றது. பழக்கமோ அருகி வருகின்றது. பிள்ளைகளுக்கு ஒரு பிளக்கையாவது கழற்றிப் பூட்டக் கற்பிப்போமாக.