கை முதலில் படிக்கட்டும்

விஜயதசமி காலையில் எங்கள் பக்கத்துக் கோயில்களிலும் வீடுகளிலும் தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி வைப்பார்கள். பெரியவர் ஒருவர் பிள்ளையை மடியில் இருத்தி, சுட்டுவிரலைப் பிடித்து, அந்த அரிசியில் முதல் எழுத்தை எழுத வைப்பார். 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும், ஏடு தொடங்கும் இந்த வழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை. ஆனால் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அரிசியை வாரி எடுத்துவிடுகிறோம். சீக்கிரமே பிள்ளையின் கையில் பென்சிலும் கோடு போட்ட நோட்டும் வந்துவிடுகின்றன. அந்தத் தாம்பாளம் இன்னும் இரண்டு மூன்று வருடமாவது பிள்ளையின் முன்னால் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அந்தக் காலத்து ஆசான் பள்ளிக்கூடத்தில் அதற்கு இடமிருந்தது. தரையில் மணலைப் பரப்பி, வாயால் சொல்லி, விரலால் எழுதி, உள்ளங்கையால் அழித்து, திரும்ப எழுதினார்கள். எழுத்தின் வளைவு விரலுக்குப் பழகிய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும் வந்தன. இந்த முறை கடல் தாண்டியும் போயிருக்கிறது. ஸ்காட்லாந்துப் பாதிரியாரான ஆண்ட்ரூ பெல், 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான பள்ளியின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு, தம் பள்ளியிலும் மணலைப் பரப்பச் சொன்னார். 1797இல் தம் அனுபவத்தை லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். பிறகு இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகள் படித்த பள்ளிகளிலும் மணலில் எழுதப் பழக்கினார்கள்.

ரோம் நகரில் 1907இல் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரியும் கையைத்தான் நம்பினார். தானியத்தை ஒரு ஜாடியிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவது, உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவுவது என்று பிள்ளைகளுக்கு வேலை வைத்தார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தவர், உலகப் போர் காரணமாக இந்தியாவிலேயே தங்கிப் பல வருடங்கள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இன்றைய மழலையர் பள்ளிகளில் சென்சரி ட்ரே என்று வைக்கிறார்களே, விளிம்பு உயர்ந்த தட்டில் மணல், தண்ணீர், தானியம் என்று எதையாவது போட்டுப் பிள்ளையை அளைய விடுவது, அதற்கு இத்தனை பின்னணி உண்டு.

முன்பு நாஞ்சில் நாட்டுப் பிள்ளைக்குத் தனியாகத் தட்டு தேவைப்படவில்லை. கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருடத்துக்கு இரண்டு அறுப்பு. களத்தில் நெல் குவியும், முற்றத்தில் புளி காயும், வாய்க்காலில் தண்ணீர் ஓடும். இப்போது வயல்கள் பல வீட்டுமனை ஆகிவிட்டன. முற்றத்துக்கு ஓடு பதித்துவிட்டோம். பிள்ளையின் விரல் நாள் முழுக்கத் தொடுவது போனின் வழுவழுப்பான கண்ணாடியைத்தான்.

என் பேத்திக்கு நாலு வயது. கும்பப்பூ அறுப்பு முடிந்த சமயம், பெரிய தட்டில் நான்கு சிரட்டைகளை வைத்துக் கொடுத்தேன். ஒன்றில் நெல், ஒன்றில் தவிடு, ஒன்றில் குருணை, ஒன்றில் அரிசி. நெல்லுக்குள் கையை விட்டவள் வெடுக்கென்று எடுத்தாள். “ஆச்சி, இது குத்துது.” அடுத்துத் தவிட்டை அள்ளி அமுக்கினாள். கையை விரித்தபோது அது விரல் பதிந்த பிடிகொழுக்கட்டை போல நின்றது. அதை உதிர்த்துவிட்டுத் திரும்பவும் பிடித்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு நெல்மணியை நகத்தால் கீறினாள். வழுக்கி ஓடியது. இன்னொன்றை எடுத்தாள். உமி பிளந்து வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது. “ஆச்சி, இதுக்குள்ள அரிசி இருக்கு!” திருவிதாங்கூருக்கே நெற்களஞ்சியமாக இருந்த மண்ணில் பிறந்த பிள்ளை, அரிசி எங்கிருந்து வருகிறது என்பதைத் தன் நகத்தால் கண்டுபிடித்தாள். எந்தப் படப் புத்தகத்தாலும் இதைக் கொடுக்க முடியாது.

அந்த நகம் செய்த வேலைதான் நாளை பென்சில் பிடிக்கும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து ஒரு மணியை எடுக்கும்போது விரலுக்குப் பலம் ஏறுகிறது. சிரட்டையால் மொண்டு டம்ளரில் ஊற்றும்போது மணிக்கட்டு திரும்பப் பழகுகிறது. கணக்கும் அங்கேயே இருக்கிறது. ஒரே அளவு தண்ணீரை அகலமான கிண்ணத்திலிருந்து நெட்டையான டம்ளருக்கு மாற்றினால், டம்ளரில்தான் அதிகம் என்று சின்னப் பிள்ளைகள் சாதிப்பதை ழான் பியாஜே விரிவாக ஆராய்ந்து எழுதினார். அந்த வயதில் விளக்கிச் சொல்லிப் பயனில்லை. மாற்றி மாற்றி ஊற்ற இடம் கொடுத்தால் போதும். வயது ஏற ஏறத் தானே தெளியும்.

‘சோறாகும் பொருளை வைத்து விளையாடலாமா’ என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. குருணையையும் தவிட்டையும் கொடுங்கள். விளையாடி முடித்ததும் பிள்ளையின் கையாலேயே கோழிக்குப் போடச் சொல்லுங்கள். வாசனைக்கு மாறாமலைப் பக்கத்துக் கிராம்பும் ஒரு துண்டு ஜாதிபத்திரியும் போதும். முகரக் கொடுத்துவிட்டு எடுத்து வைத்துவிடலாம். கன்னியாகுமரிக்குப் போனால் அரிசி போன்ற மணலைப் பொட்டலமாக வாங்கி வருவோம். தேவியின் கல்யாணம் நின்றுபோக, அரிசி மணலாயிற்று என்று கதையும் சொல்லுவோம். ஆனால் கடற்கரை மணல் தட்டுக்கு வேண்டாம். மணவாளக்குறிச்சிக் கரையின் கறுப்பு மணலில் தோரியம் கலந்த மோனசைட் இருக்கிறது. கழுவிக் காயவைத்த ஆற்று மணல் போதும். குன்றிமணி பார்க்க அழகு, ஆனால் விஷம். அரளி விதையும் அப்படியே. எதையும் வாயில் போடும் வயதில் சின்ன விதை எதுவும் கூடாது. தட்டில் தண்ணீர் இருக்கும்வரை பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தே ஆகவேண்டும்.

இதற்குப் பெரிய செலவு கிடையாது. சிரட்டையும் புட்டுக் குழலும் புளியங்கொட்டையும் இல்லாத வீடு நம் மாவட்டத்தில் அபூர்வம். அங்கன்வாடி டீச்சர்கள் பலருக்கு இது நன்றாகவே தெரியும். ‘எழுத்து எப்போது சொல்லித் தருவீர்கள்’ என்று நாம் அவர்களை நெருக்காமல் இருந்தால் போதும். எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போகிறவர்கள், பீஸ் எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன்னால், இங்கே பிள்ளைகள் கையால் என்னென்ன செய்வார்கள் என்று கேளுங்கள். மணலையும் தண்ணீரையும் தானியத்தையும் எடுத்துக் காட்டும் பள்ளியில் தைரியமாகச் சேருங்கள்.