நான்கையும் இணைக்கும் ஒழுங்கு

நோய் தீர மருந்து வேண்டும் என்பதை எவரும் அறிவர். ஆயின், மருந்து என்பது யாது? புட்டியில் அடைத்து விற்கப்படும் பொருள் மட்டும்தானா? வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தை நிறைவு செய்யும்போது, நோயுற்றவன், மருத்துவன், மருந்துப் பொருள், அருகிருந்து பேணுபவன் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் எனப் பகுத்துக் காட்டுகின்றார். நான்கும் இருந்தும் அவை உரிய வேளையில் ஓரிடத்தில் கூடாமற்போனால் என்ன நேரும்? இவ்வினாவுக்குப் பக்கவாத நோயின் அண்மைக்கால வரலாறு தெளிவான விடை தருகின்றது.

மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ உண்டாவது பக்கவாதம். பெரிய குழாய் ஒன்று அடைபட்டால், ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று கணக்கிட்டுள்ளனர். முகம் ஒரு பக்கம் கோணுகிறது, கை தளர்கிறது, நாக் குழறுகிறது. சற்று முன் பேரனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தவர் தம் பெயரையும் சொல்ல மாட்டாதவராகி விடுகின்றார்.

நெடுங்காலம் இந்நோய் விதியின் விளையாட்டாகவே எண்ணப்பட்டது. நோயாளியைப் பொதுப்பிரிவில் ஏதேனும் ஒரு கட்டிலில் கிடத்தி, வருவது வரட்டும் என்று காத்திருப்பதே வழக்கமாயிற்று. மருத்துவர்க்கும் இதில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்னும் சோர்வே மிகுந்திருந்தது.

அச்சோர்வை அசைத்த ஊர்களுள் ஒன்று நார்வே நாட்டின் திரோண்டைம். அந்நகர மருத்துவமனையில் 220 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பாதியாகப் பிரித்தனர். ஒரு பாதியினர் பொதுப்பிரிவுக்குச் சென்றனர்; மறு பாதியினர் பக்கவாதத்துக்கென்றே அமைந்த தனிப்பிரிவுக்குச் சென்றனர். முடிவுகள் 1991ஆம் ஆண்டில் வெளிவந்தன. ஆறு வாரங்களில் பொதுப்பிரிவில் இறந்தோர் நூற்றுக்கு 17 பேர்; தனிப்பிரிவிலோ 7 பேர்தாம். பத்தாண்டுகள் கழிந்த பின்னரும் அவ்வேறுபாடு மறையவில்லை.

அத்தனிப்பிரிவில் அதிசய மருந்து ஏதேனும் இருந்ததா? இல்லை. இந்நோயை நன்கறிந்த தாதியர் இருந்தனர். இத்தகைய பிரிவுகளில், ஒரு வாய் நீர் கொடுக்குமுன் நோயாளியால் விழுங்க இயலுமா என்று சோதிப்பர். உணவு தவறி நுரையீரலுக்குள் போனால் சளிக்காய்ச்சல் கண்டு உயிர் பிரியும் என்பது அவர்களுக்குத் தெரியும். காய்ச்சலையும் சர்க்கரையையும் ஓயாது கவனிப்பர். காலம் தாழ்த்தாமல் நோயாளியை எழுப்பி அமர்த்துவர். மருத்துவரும் தாதியரும் உடற்பயிற்சி தருவோரும் பேச்சுப் பயிற்சி தருவோரும் கூடிப் பேசி முடிவெடுப்பர். தனித்தனியே நோக்கினால் யாவும் சிறு செயல்கள். ஒன்றுசேர்ந்தபோது உயிர் காத்தன. 1993இல் பீட்டர் லாங்ஹார்ன் முதலிய ஆய்வாளர் இத்தகைய பல சோதனைகளைத் தொகுத்து நோக்கியபோதும், ஒழுங்குற அமைந்த பராமரிப்பு இறப்பைக் குறைக்கிறது என்னும் உண்மையே உறுதிப்பட்டது.

பின்னர், குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தும் வந்தது. நோய் தொடங்கிய மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் அது பயன் தரும் என்று 1995இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. அவ்வெல்லை நாலரை மணி நேரம் வரை நீளலாம் என்று 2008இல் ஐரோப்பிய ஆய்வு காட்டியது. ஆனால், அடைப்புக்கு அமுதமாகும் அம்மருந்தே குழாய் வெடித்தவருக்கு நஞ்சாகும். எனவே முதலில் மூளையைப் படமெடுத்துப் பார்த்தாக வேண்டும். நள்ளிரவில் அப்படத்தை எடுப்பவர் எங்கே? எடுத்ததைப் படித்துச் சொல்பவர் எங்கே? மருந்து வந்ததனால் ஒழுங்கின் தேவை குறையவில்லை, முன்னிலும் மிகுந்தது.

இத்தேவையை உணர்ந்து செயற்பட்ட மாநகரம் இலண்டன். அங்கு ஏறத்தாழ முப்பது மருத்துவமனைகள் பக்கவாத நோயாளிகளை ஏற்றுவந்தன. தரமோ இடத்துக்கிடம் வேறுபட்டது. 2010ஆம் ஆண்டில் அம்முறையை மாற்றினர். இரவும் பகலும் ஆயத்தமாயிருக்கும் எட்டு உயர் பிரிவுகளை மட்டும் அமைத்து, பக்கவாதம் என்று ஐயுறப்படும் ஒவ்வொருவரையும் அவற்றுள் ஒன்றுக்கே கொண்டுசெல்ல வேண்டும் என்று விதித்தனர். எங்கிருந்தும் அரைமணி நேர ஆம்புலன்ஸ் பயணத்தில் ஒன்றை எட்டும்படி அவை அமைந்தன. முதல் மூன்று நாள் அளவில் அங்கே கவனித்த பின்னர், நோயாளியை வீட்டுக்கு அண்மையிலுள்ள பிரிவுக்கு அனுப்பினர்.

ஒரு மனைவியை எண்ணிப் பாருங்கள். பேச்சற்ற கணவருடன் ஆம்புலன்ஸில் அமர்ந்திருக்கின்றாள். பிள்ளைகளைப் பெற்ற மருத்துவமனை, தெருமுனையிலேயே இருக்கும் மருத்துவமனை, கண்ணெதிரே வருகிறது. வண்டியோ நில்லாமல் அதனைக் கடந்து செல்கிறது. அவள் நெஞ்சம் என்ன பாடுபடும்! "இங்கேயே நிறுத்துங்கள்" என்று கதறத் தோன்றாதா? அருகில் இருப்பதே பாதுகாப்பு என்பது மனித இயல்பு. உள்ளூர்ப் பிரிவு மூடப்படுமோ என்னும் மக்களின் அச்சத்தையும், தம் பணியின் மதிப்புக் குறையுமோ என்னும் மருத்துவமனைகளின் கவலையையும் அறியாமை என்று தள்ளிவிடல் ஆகாது.

அக்கவலைக்கு இடங்கொடுத்த நகரப்பகுதி ஒன்றும் உண்டு. பெரு மான்செஸ்டர் அதே 2010இல் மூன்று உயர் பிரிவுகளை அமைத்தது. அங்கும் எல்லா நோயாளிகளையும் அவற்றுக்கே அனுப்புவது முதலில் எண்ணமாயிருந்தது. எதிர்ப்பு எழவே, நோய் தொடங்கி நான்கு மணி நேரத்துக்குள் வருவோர் மட்டும் அங்கே செல்வது, ஏனையோர் பழையபடி உள்ளூர் மருத்துவமனைக்குச் செல்வது என்று உடன்பாடு கண்டனர். விளைவு என்ன? இலண்டனில் நூற்றுக்கு 93 பேர் உயர் பிரிவில் கவனிக்கப்பட்டனர். மான்செஸ்டரில் 39 பேரே அவ்வாறு கவனிக்கப்பட்டனர். 2014இல் வெளிவந்த ஆய்வின்படி, இரு நகரங்களிலும் மருத்துவமனையில் தங்கும் நாள்கள் குறைந்தன. ஆனால் நாட்டின் பிற பகுதிகளைக் காட்டிலும் இறப்புக் குறைந்தது இலண்டனில் மட்டுமே. இருபத்தொரு மாதங்களில் ஏறத்தாழ 168 உயிர்கள் காக்கப்பட்டதாகக் கணக்கிட்டனர்.

மான்செஸ்டர் அப்பாடத்தைப் புறக்கணிக்கவில்லை. 2015இல் தன் விதியைத் திருத்தி எல்லாரையும் உயர் பிரிவுகளுக்கு அனுப்பத் தொடங்கியது. அங்குக் கவனிக்கப்பட்டோரிடையே இறப்பும் குறைந்தது. தவற்றைத் திருத்திக்கொள்வதும் ஒழுங்கின் ஒரு பகுதியன்றோ!

இலண்டன் முறை எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தும் என்பதன்று. பரந்த நாட்டுப்புறத்தில் அரைமணி நேரத்தில் எட்டும் தொலைவு ஏது? அங்கே வேறு வழி காணவேண்டும். ஆயினும் அடிப்படை மாறாது: விதி எளிதாக இருத்தல் வேண்டும், அது யாவரையும் தழுவுதல் வேண்டும், ஆயத்தமில்லாத அண்மையினும் ஆயத்தமான சேய்மை மேல் என்பதை உணர்தல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. காக்கப்பட்ட அந்த 168 பேர் யார் யார்? எவருக்கும் தெரியாது. பிழைத்தவர்களுள் எவரும் "பழைய முறையில் நான் மாண்டிருப்பேன்" என்று சொல்ல இயலாது. ஊசி போட்ட மருத்துவருக்கு நன்றி கூறுவோர் உளர். கைபிடித்து நடத்திய தாதியை வாழ்த்துவோர் உளர். எந்த வண்டி எந்த வாயிலுக்குச் செல்ல வேண்டும் என்று மேசையருகே அமர்ந்து வாதாடி வரையறுத்தவரை வாழ்த்துவார் யார்? வாழ்த்து வேண்டாது நடக்கும் அப்பணியாலன்றோ நோயுற்றவரும் மருத்துவரும் மருந்தும் பேணுபவரும் காலந்தவறாமல் ஓரிடத்தில் கூடுகின்றனர்! அந்நான்கையும் இணைக்கும் ஒழுங்கும் உயிர் காக்கும் மருந்தே.