பூகம்பத்துக்கு எத்தனை புள்ளி?

பூகம்பத்தை எதிர்கொள்ள ஒரு குடும்பம் எவ்வளவு ஆயத்தமாக இருக்கிறது என்று அளப்பதற்கு ஆய்வாளர் கையாளும் வினாக்கொத்துக்கள் சிலவற்றை அண்மையில் வாசித்தேன். குடிநீர் சேமித்து வைத்திருக்கிறீர்களா? ரோர்ச் விளக்கு உண்டா? முதலுதவிப் பெட்டி? அலுமாரியைச் சுவரோடு பிணைத்தீர்களா? வீட்டார் எங்கே கூடுவதென்று பேசி வைத்தீர்களா? 'ஆம்' என்ற ஒவ்வொரு விடைக்கும் ஒரு புள்ளி. கூட்டினால் குடும்பத்தின் ஆயத்தம் வந்துவிடுகிறது.

ஆண்டுதோறும் விடைத்தாள் திருத்தும் எனக்கு இந்த முறையிலே பெரும் ஐயம். எளிய வினாவுக்கும் கடின வினாவுக்கும் ஒரே புள்ளி வழங்கும் பரீட்சை எதைத்தான் அளக்கிறது? ரோர்ச் விளக்குக்கு ஒரு புள்ளி. உறுதியான சுவருக்கும் ஒரு புள்ளி. சுவரைப்பற்றிக் கேளாமலே விட்டுவிடும் வினாக்கொத்துக்களும் உண்டு.

1995 ஜனவரி 17ஆம் நாள் அதிகாலை 5.46க்கு யப்பானின் கோபே நகரம் குலுங்கிற்று. 6,400 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இடிந்த வீட்டின் கீழும் சாய்ந்த தளபாடங்களின் கீழும் நசுங்கியும் மூச்சுத் திணறியும் இறந்தவர்கள். 1981இல் கட்டட விதிகள் கடுமையாக்கப்படுமுன் எழுந்த, கனத்த ஓட்டுக்கூரை சுமந்த மரவீடுகளே பெருந்தொகையாய் விழுந்தன. அவற்றில் வாழ்ந்தோர் யார்? வேறிடம் போக வசதியற்ற முதியோர். குறைந்த வாடகை தேடிய பல்கலைக்கழக மாணவர். இறந்தோரின் வயதுக் கணக்கை வரைந்தால், முதுமையில் உயரும் கோடு இருபதுகளின் தொடக்கத்திலும் ஒருமுறை தலைதூக்குகிறது. என் வகுப்பில் இன்றிருப்போர் இன்னும் சில ஆண்டுகளில் எட்டும் வயது அது.

அந்த மாணவனிடம் தண்ணீரும் விளக்கும் இருந்திருக்கலாம். ஐந்துக்கு நான்கு புள்ளிகூடப் பெற்றிருப்பான். அலுமாரியைப் பிணைக்கச் சுவரைத் துளைப்பதற்கோ, வீட்டைப் பழையபடி ஒப்படைக்கவேண்டிய வாடகைக்காரன் அஞ்சுவான். தூணை வலுப்படுத்தும் அதிகாரம் அவனுக்கு அறவே இல்லை, அது வீட்டுக்காரருடையது. ஆயினும் குறைந்த புள்ளி விழுவதென்னவோ அவன் பெயரிலேதான். பின்னர் 'மக்களிடம் விழிப்புணர்ச்சி போதாது' என்று அறிக்கை எழுதுவார்கள்!

தண்ணீர் சேமிப்பது வீண் என்று நான் வாதாடவில்லை. குழாய்கள் உடைந்த நகரில் அதன் அருமை தெரியும். ஆனால் கோபேயில் இடிபாட்டுக்குள்ளிருந்து உயிரோடு மீட்கப்பட்டோரில் பெரும்பகுதியினரை மீட்டவர்கள் வீட்டாரும் அயலவருமே. அயலவரின் பெயர் தெரியுமா என்று எத்தனை வினாக்கொத்துக்கள் கேட்கின்றன?

வினாத்தாள் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தால், இந்த வீடு எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்பதை முதலாம் வினாவாக வைப்பேன். இது யாருடைய வீடு என்பது இரண்டாவது. அவ்விரண்டுக்குமுரிய புள்ளியை வீட்டுக்காரரின் பெயருக்கும் நகரசபையின் பெயருக்கும் நேரே இடுவேன்.