தெளிவாக இருக்கும்போதே

நாயுடுபேட்டையில் அந்த வீட்டு நாய்க்கு வயது 14. வீட்டு அம்மாளுக்கு 77. இரண்டு பேருக்கும் ஒரே வியாதி என்று அவருடைய கணவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சொன்னபோது அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். கதவு திறக்கும் பக்கத்தை விட்டுவிட்டு கீல் இருக்கும் பக்கமாகப் போய் நிற்கிறது நாய். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, "ஏங்க, பால்காரன் வந்தானா?" என்று நாலாவது தடவையாகக் கேட்கிறார் அம்மாள்.

அவர் சொன்னது வெறும் வேடிக்கை அல்ல. கிழ நாய்களுக்கும் மறதி நோய் வருகிறது. அல்ஸைமர் நோயாளிகளின் மூளையில் படியும் அமிலாய்டு புரதம் அவற்றின் மூளையிலும் படிகிறது. சோதனைச்சாலை எலிக்கோ இது தானாக வருவதில்லை; மரபணுவை மாற்றி வரவழைக்க வேண்டியிருக்கிறது.

விடுமுறைக்கு வந்த பேரன், சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவன். அவனிடம் ஆசிரியர் கேட்டார்: "நாய்க்குப் பதினாலு வருஷத்தில் வருவது பாட்டிக்கு எழுபத்தைந்தில் வருகிறது. இந்தக் கடிகாரம் எங்கேடா இருக்கு?"

"அதைத்தான் தாத்தா, கம்ப்யூட்டரில் போட்டுத் தேடிக்கிட்டிருக்காங்க."

பாலூட்டிகளில் பொதுவாக உடல் பெரிதானால் ஆயுளும் கூடும். ஆனால் விதிவிலக்குகள்தான் சுவாரசியம். சுண்டெலி மூன்று வருடத்தில் கிழடாகிவிடுகிறது. ஏறக்குறைய அதே எடையுள்ள ஆப்பிரிக்காவின் ரோமமற்ற மண்ணெலி 30 வருடங்களைத் தாண்டுகிறது. ஏழு கிராம் எடையுள்ள சைபீரிய வௌவால் ஒன்று 41 வருடம் வாழ்ந்தது. வடதுருவக் கடலின் வில்தலைத் திமிங்கிலம் 200ஐத் தாண்டும். இத்தனை உயிர்களின் மரபணுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது ஆயுளோடு ஒத்துப்போகிறது என்று பார்ப்பது மனிதக் கையால் ஆகாத கணக்கு. வயது ஏற ஏற டி.என்.ஏ.வின் மேல் மாறிக்கொண்டிருக்கும் ரசாயன அடையாளங்களை 185 வகைப் பாலூட்டிகளில், 11,754 மாதிரிகளில் கம்ப்யூட்டர் ஒப்பிட்டது. எந்தப் பாலூட்டியானாலும் வயதைக் கணிக்கக்கூடிய சூத்திரங்கள் கிடைத்தன. 2023இல் வெளியான ஆய்வு இது.

மூளைக்கும் இப்படிக் கணக்கெடுப்பு நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் 2022இல் துவங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் மனித மூளையை முடியைவிட மெல்லிய சீவல்களாக்கி, செல் செல்லாகப் படம் பிடிக்கிறது. கருவிலிருக்கும் சிசுவின் மூளையைக் காட்டும் 5,132 சீவல்களின் படங்களை 2024 டிசம்பரில் உலகுக்கு இலவசமாகத் தந்தது. சித்தூர் எல்லைக்கு அப்பால் கோலார் மாவட்டத்து சீனிவாசபுராவில், 45 வயதைத் தாண்டிய பத்தாயிரம் கிராமத்தவரை ஆண்டுக்கணக்கில் கவனிக்கும் திட்டத்தை பெங்களூர் மூளை ஆராய்ச்சி மையம் நடத்துகிறது.

அவசரம் புரியக்கூடியதே. இந்தியாவில் 60ஐத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கலாம் என்கிறது 2023இல் வெளியான மதிப்பீடு. ஆனால் உலக மூளை ஆராய்ச்சியில் உள்ள தகவல்களில் பெரும்பகுதி மேல்நாட்டவருடையது. கம்ப்யூட்டர் எத்தனை கெட்டிக்காரத்தனமானாலும், கொடுத்ததைத்தானே எண்ணும்?

கொடுப்பதற்கு இடம் இருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸில் 1995 முதலே மூளைத் திசு வங்கி உண்டு. ஆனால் இறந்த சில மணி நேரத்துக்குள் மூளையை எடுத்தாக வேண்டும். நாயுடுபேட்டையிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அதைவிடத் தூரமானது குடும்பத்தின் மனசு. "அம்மாவை முழுசா அனுப்பணும்" என்றார் மகன்.

ஆசிரியர் மனைவியிடமே கேட்டார், அவர் தெளிவாக இருந்த ஒரு காலையில். "போனப்புறம் எனக்கெதுக்கு அது? எடுத்துக்கட்டும்" என்றார் அம்மாள். சாயங்காலம் நினைவுபடுத்தியபோது, "நான் எப்போ சொன்னேன்?" என்று மிரண்டார். காலையில் சொன்னது சம்மதமா, சாயங்காலம் சொன்னது மறுப்பா? முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவருக்கு இதற்கு மார்க் போடத் தெரியவில்லை. இனி அவரிடம் கேட்பதில்லை என்று முடிவு செய்தார்.

தன் விருப்பத்தை மட்டும் எழுதிக் கையெழுத்திட்டு, மகனையும் படிக்க வைத்து, பேரனிடம் கொடுத்திருக்கிறார். "இதெல்லாம் தெளிவாக இருக்கும்போதே செய்யணும்" என்கிறார். சொல்லிக்கொண்டே எழுந்து போய், கீல் பக்கம் நிற்கும் நாயை இந்தப் பக்கம் திருப்பி விடுகிறார்.