எப்போது நிறுத்துவது?

காரைக்குடியில் மருந்துக்கடை நடத்துகிற என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி: சிங்கப்பூரிலிருந்து மகன் கொண்டுவந்த இரண்டு டப்பாக்களில் எதைச் சாப்பிடலாம்? ஒன்று தூக்கத்துக்கு, மற்றது ‘செல்’லுக்கு. (செல் என்று டப்பா சொல்வது உடம்பின் உயிரணுவை.) இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பதுதான் பிழை என்பேன். தூக்கத்துக்கானது பலித்ததா என்று சாப்பிடுகிறவருக்கே இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். உயிரணுவுக்கானதில் அப்படித் தெரிந்துகொள்ள வழியில்லை. அதனால் நிறுத்தவும் நாள் வராது.

தூக்கத்திலும் எதிர்பார்ப்பு அளவோடு இருக்கட்டும். மெலடோனின், இரவாகிவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் சுரப்பு. 1,683 பேரைக் கொண்ட 19 ஆய்வுகளை 2013இல் தொகுத்துப் பார்த்தபோது, கண்ணயர ஆகும் நேரம் சராசரியாக 7 நிமிடமே குறைந்திருந்தது. 2023இல் அமெரிக்காவில் 25 மெலடோனின் மிட்டாய்களைச் சோதித்ததில் 22இல் லேபிளும் உள்ளிருந்ததும் ஒத்துப்போகவில்லை. மக்னீசியம் வாங்கினால், எண் எதைக் குறிக்கிறது என்று பாருங்கள். 500 மி.கி. மக்னீசியம் கிளைசினேட்டில் மக்னீசியம் ஏறத்தாழ 70 மி.கி.தான், மிச்சம் கிளைசின். ஆக்சைடில் எடையில் 60 சதவீதம் மக்னீசியம், ஆனால் குடல் ஏற்பது குறைவு, வயிற்றுப்போக்குதான் மிச்சம். எதுவானாலும் ஒரு சமயத்தில் ஒன்று. ஆறு சரக்கைச் சேர்த்த மாத்திரையில் தூங்கவைத்தது எது என்று யார் சொல்வது?

‘செல்’ டப்பாவில் இப்போது பேர்பெற்றது என்எம்என். உயிரணு ஆற்றல் பெற உதவும் என்ஏடி என்ற பொருளின் அளவை அது இரத்தத்தில் கூட்டுவது மெய். சர்க்கரை நோயின் வாசலில் இருந்த 25 பெண்களிடம் 10 வாரம் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. தினம் 250 மி.கி. சாப்பிட்டவர்களின் தசை இன்சுலினுக்கு முன்பைவிட நன்றாக இணங்கியது. இரத்தச் சர்க்கரை குறையவில்லை. இதிலிருந்து இளமைக்குத் தாவுவது விற்கிறவரின் துணிச்சல். இத்தகைய மாத்திரைகளால் கெடுதல் இல்லையே என்பார்கள். உண்டு. மக்னீசியத்தைத் தைராய்டு மாத்திரையோடு விழுங்கினால் அந்த மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. 4 மணி நேர இடைவெளி வேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு மக்னீசியம் ஆபத்தே. அமுக்கரா (அசுவகந்தா) நம் வீட்டு மருந்துதானே என்பார்கள். கிழங்குப் பொடியைப் பாலில் கலப்பது வேறு, சாறெடுத்துச் செறிவாக்கி அடைத்த மாத்திரை வேறு; அதைச் சாப்பிட்டவர்களிடம் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. எல்லாச் சத்து மாத்திரையும் வீண் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறவருக்கு வைட்டமின் பி12 குறையலாம். சோதித்து, குறைவென்று தெரிந்து வாங்க வந்தால் உடனே எடுத்துக் கொடுப்பேன். மூன்று மாதம் கழித்து அதே சோதனையை மறுபடி செய்து பார்க்கலாம்.